போய்ச் சொல்லிட்டு வா

கணவனுக்கும் மனைவிக்கும் சண்டை. இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் சோறு வெந்துவிடும், கேஸ் தீர்ந்துவிடும், கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி வந்துவிடும். அப்போது நம் வீடுகளில் யார் தூது போவார்கள்? மூணரை வயசுப் பிள்ளைதான். அம்மா அடுப்படியிலிருந்து கொஞ்சம் உரக்கவே சொல்வார்: "உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு, சோறு ஆறுது, வந்து கொட்டிக்கச் சொல்லு." அது அப்பா காதிலும் விழுந்திருக்கும். இருந்தும் மனுஷன் அசைய மாட்டார். தூதர் வந்து சேர வேண்டும் அல்லவா? பிள்ளை ஹாலுக்கு ஓடி, அவர் முட்டியில் கை வைத்து, "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்கிறது.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் அந்தப் பிள்ளை எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது பாருங்கள். 'உங்கப்பா' அதன் வாய்க்கு வரும்போது 'அப்பா' ஆகிவிட்டது. 'கொட்டிக்க' என்பது அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் எங்கேயோ கழன்று விழுந்து, 'சாப்பிட' வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவை நேரில் 'நீ' என்று பேசும் அதே வாய், அம்மாவைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போது 'சொன்னாங்க' என்கிறது. யாரும் இதற்கெல்லாம் பாடம் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சின்னப் பிள்ளையாக இருந்தால், "வந்து கொட்டிக்கணுமாம்" என்று கலப்படமில்லாமல் சேதியை இறக்கிவைக்கும். அந்த 'ஆம்' ஒன்று போதும், 'இது என் பேச்சில்லை, நான் வெறும் தபால்காரன்' என்று கைகழுவிக்கொள்ள. அதிலும் நன்மை உண்டு. இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள், சண்டை அத்தோடு தீர்ந்தது.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது தம்பி மகள் லீவுக்கு இங்கே செங்கல்பட்டுக்கு வந்தபோது. தம்பி குடும்பம் இருப்பது ஓ.எம்.ஆரில், நாவலூர் பக்கம் ஓர் அடுக்குமாடியில். அங்கே சனிக்கிழமை தோறும் குழந்தைகளுக்கு 'சோஷியல் ஸ்கில்ஸ்' வகுப்பு நடக்கிறதாம். ப்ளீஸ், தேங்க்யூ, சாரி, எக்ஸ்க்யூஸ் மீ. இந்த நான்குக்கும் 'மேஜிக் வேர்ட்ஸ்' என்று பெயர். சுவரில் கலர் கலராக ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக்காரி நான்கையும் அழகாகச் சொல்கிறாள். தண்ணீர் கேட்டாலும் ப்ளீஸ், பாத்ரூம் போகவும் ப்ளீஸ். ஆனால் வீட்டுக்கு வந்த பெரியவரைப் பார்த்து என்ன சொல்வது, ஒரு பொருளை எப்படிக் கேட்பது, கேட்டு இல்லை என்றால் எப்படித் திரும்புவது, இது எதுவும் பிடிபடவில்லை. பிள்ளை மேல் தப்பில்லை. அவளுக்குப் பேசக் கிடைத்த ஆட்களே நாலைந்து பேர்தான்.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். தம்ளரைக் கையில் கொடுத்து, "பாட்டிகிட்ட கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வா" என்று அனுப்பினேன். உண்மையில் வீட்டில் உறைமோர் இருந்தது. நம் ஆள் கேட்டருகில் போய் நின்று தம்ளரை நீட்டி, "உறைமோர் ப்ளீஸ்" என்றாள். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், குறும்பு கொஞ்சம் அதிகம். "இன்னா வோணும்? யாரு அனுப்புனா? நீ யாரு வூட்டுப் புள்ள?" பதில் சொல்லத் தெரியாமல் தம்ளரோடு ஓடி வந்துவிட்டாள். நான் போகவில்லை. "போ, அத்தை கேட்டாங்கன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினேன். இம்முறை "அத்தை கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள், என்ன கேட்டாங்க என்பதைச் சொல்லவில்லை. பாட்டி விடவில்லை. ஒரு வழியாக உறைமோர் வந்து சேர்ந்தது, பாதி வழியில் சிந்தியது போக.

லீவு முடிவதற்குள் நடந்தது இது. அவள் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு, முதலில் "பாட்டீ" என்று ஒரு நீட்டு நீட்டுவாள். பாட்டி திரும்பிப் பார்க்கும் வரை பொறுப்பாள். பிறகு, "சாப்ட்டீங்களா?" இவள் கையில் தம்ளர் இருப்பது பாட்டிக்குத் தெரியும், எதற்கு வந்திருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் "ஆச்சுடி கண்ணு, நீ துன்னியா?" என்று அதற்கொரு பதில். அதற்குப் பிறகுதான் உறைமோர் பேச்சு. இந்த முன்னுரையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுவதை அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நம் ஊரில் எடுத்த எடுப்பில் யாரும் எதையும் கேட்பதில்லை. கடன் கேட்பவர் மழையைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார். அந்த மழைக்கும் கடனுக்கும் உள்ள சம்பந்தம் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

ப்ளீஸ் என்பது எந்த வீட்டுக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துகிற சொல். சாப்ட்டீங்களா என்பது அப்படியில்லை. யாரிடம், எந்த நேரத்தில், எந்தக் குரலில் என்று பார்த்துக் கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்படிப் பிள்ளையைத் தூது விடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. எலினோர் ஓக்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவில் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்தார். அங்கும் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். அவருடைய தோழி பாம்பி ஷீஃபலின் பாப்புவா நியூ கினியில் கலுலி என்ற மக்களோடு இருந்தவர். கலுலித் தாய் பிள்ளையை வெளிப்பக்கம் பார்த்தாற்போல் மடியில் வைத்துக்கொள்வாள். யாராவது வந்தால், பிள்ளை சொல்ல வேண்டியதைத் தானே சொல்லி, கடைசியில் 'எலெமா' என்று முடிப்பாள். 'இப்படிச் சொல்லு' என்று அர்த்தம். இருவரும் சேர்ந்து 1986ல் தொகுத்த புத்தகத்துக்குப் பிறகு இது ஒரு தனித் துறையாகவே ஆகிவிட்டது. அவர்கள் வாதம் எளிமையானது: பிள்ளை முதலில் மொழியைக் கற்றுக்கொண்டு பிறகு சமூகத்தில் பேசப் போவதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே பேச்சில் நடக்கின்றன.

எலெமாவை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "மாமாவுக்கு வணக்கம் சொல்லு." "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு." "வாங்கன்னு சொல்லு கண்ணா." நம் பிள்ளைகள் கேட்டு வளரும் வினைச்சொற்களில் இந்தச் 'சொல்லு'வுக்குத்தான் முதலிடம் என்பேன். பிள்ளை சொல்லாது. அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சேலையை முகத்தில் சுற்றிக்கொள்ளும். விருந்தாளி தெருமுனை தாண்டியதும், ஆளில்லாத வாசலைப் பார்த்து, பிரமாதமாக "டாட்டா மாமா" என்று கத்தும். அப்போது திட்டாதீர்கள். பாடம் ஏறிவிட்டது, அரங்கேற்றம்தான் தாமதம்.

அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். ஜீன் பெர்க்கோ க்ளீசன், சாண்ட்ரா வைன்ட்ராப் என்ற இருவர் வாசலில் பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று பதிவு செய்து 1976ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பொடிசுகள் பையை நீட்டிக்கொண்டு சும்மா நின்றன. கொஞ்சம் பெரியவர்கள் சொல்ல வேண்டிய வாசகத்தை மட்டும் சொன்னார்கள். நன்றி சொல்லும் பழக்கம் அதற்கும் மேல் வயதானவர்களுக்குத்தான் வந்திருந்தது. நம் காணும் பொங்கலை நினைத்துக்கொண்டேன். பெரியவர் காலில் தொப்பென்று விழுந்து, எழுந்திருக்காமலே கையை நீட்டும் ரகம். விழுந்து எழுந்து, காசு வரும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் ரகம். கொடுத்த காசை "வேணாம் தாத்தா" என்று ஒரு தரம் மறுத்துவிட்டு வாங்கிக்கொள்ளும் ரகம். இந்த மூன்றாவது நிலைக்கு வந்துவிட்ட பிள்ளை முழுத் தமிழர் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மரியாதை பற்றி உலகத்தில் யார் ஆராய்ச்சி செய்தாலும் ஒரு புத்தகத்தைத் தொடாமல் போக முடியாது: பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978ல் நீண்ட கட்டுரையாக எழுதி, 1987ல் தனி நூலாக வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்ஸிகோ நாட்டு மாயன் மொழிகளில் ஒன்றான ட்செல்ட்டால், மூன்றாவது நம் தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்து ஒரு கிராமத்தில் கேட்ட தமிழ். கொங்கு நாட்டுப் பேச்சை வைத்து மரியாதைக்கு ஓர் உலகக் கொள்கை கட்டினார்கள் என்றால் அங்கத்திக்காரர்கள் "பின்னே?" என்பார்கள்.

எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் அவ்வளவு இனிப்பு கிடையாது. குப்பத்து வீடுகளில் அப்பாவையும் 'நீ' என்று கூப்பிடும் பிள்ளைகள் உண்டு, அதனால் அங்கே பாசமோ பயமோ குறைந்துவிடவில்லை. இப்போது ஒரு புதுப்பழக்கம் பார்க்கிறேன். பிள்ளைக்கு மரியாதை வர வேண்டும் என்று பெற்றோர் பிள்ளையையே "சாப்பிடுங்க தங்கம், வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். தம்பி வீட்டிலும் அப்படித்தான். விளைவு, எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வரும் திருட்டுப் பூனையை அவள் "வாங்க, பால் குடிங்க" என்று உபசரித்தாள். பெரியவர்கள் தன்னோடு பேசுவதை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை இதைக் கற்க முடியாது. பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் கேட்டால்தான் யாருக்கு 'வா', யாருக்கு 'வாங்க' என்பது விளங்கும். அம்மா மாமியாரிடம் பேசும் குரல் வேறு, பால்காரரிடம் பேசும் குரல் வேறு, தங்கையிடம் போனில் குசுகுசுக்கும் குரல் வேறு. பிள்ளை ஒரு மூலையில் பொம்மையை உருட்டிக்கொண்டு மூன்றையும் கேட்கிறது. அது விளையாடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதில் பெரிய வித்தகர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாமல்லபுரம் போங்கள். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் சங்கு, சோழி மாலை, கீ செயின் விற்கும் கடைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீர் குடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தது. கடைக்கார அம்மா பக்கத்துக் கடையோடு பேசிக்கொண்டிருக்க, ஐந்து வயது இருக்கலாம், அவர் பையன் முன்னால் நின்றான். வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். "ஹலோ மேடம், ஜஸ்ட் லுக்." குரலில் கெஞ்சல் இல்லை, ஒரு சிரிப்பு மட்டும். அவர்கள் நகர்ந்ததும் சென்னைக் காரிலிருந்து ஒரு குடும்பம். "வாங்க சார், பாருங்க மேடம், பாக்கறதுக்குக் காசில்ல." இது அப்பட்டமாக அம்மாவின் வசனம், அம்மாவின் ராகம். அடுத்து காலேஜ் பையன்கள். "அண்ணா, கீ செயின் பாருங்கண்ணா, பேரு எழுதித் தருவோம்ணா." ஒரே மூச்சில் மூன்று அண்ணா. அவர்கள் நூறு ரூபாய்த் தாளை நீட்ட, பையன் பக்கத்துக் கடைக்குத் தலையைத் திருப்பி, "மாமா, சில்ற கீதா?" அதற்குள் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு அவன் வயதுப் பையன் ஒருவன் போக, "டேய், நில்றா, நானும் வரேன்!"

இளநீர் முடிவதற்குள் ஐந்து விதமான ஆட்கள், ஐந்து விதமான பேச்சு. ஒன்றிலும் சறுக்கவில்லை. இவனுக்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? தப்பாகப் பேசினால் கூட்டம் நகர்ந்துவிடும், அம்மா திரும்பிப் பார்ப்பார். அதுதான் வகுப்பு. (பிள்ளைகளைக் கடையில் நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பள்ளிக்கூட நாளில் அவனை அங்கே பார்த்திருந்தால் இந்தப் பத்தியை இவ்வளவு ரசித்து எழுதியிருக்க மாட்டேன்.)

அதே ஊரின் ஓரத்தில் பூஞ்சேரி. நரிக்குறவர்களும் இருளர்களும் வாழும் இடம். 2021 தீபாவளியன்று முதல்வர் நேரில் வந்து பட்டா கொடுத்தாரே, அந்தப் பூஞ்சேரிதான். நரிக்குறவர் வீட்டுக்குள் பேச்சு வாக்ரிபோலி. குஜராத்தி, ராஜஸ்தானி வகையைச் சேர்ந்த மொழி அது, தமிழுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. வெளியே வந்தால் தமிழ், மணிமாலை விற்கும்போது இன்னும் நாலு மொழிகளில் விலை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை அங்கன்வாடியிலோ ஒன்றாம் வகுப்பிலோ முதல் சில மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால், 'இதுக்குப் பேச்சு வரல' என்று எழுதிவிடுவது சுலபம். திருப்போரூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடியா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கதி. பேச்சு வரும். யாரிடம் பேசலாம் என்று அது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000க்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே சோறு போடுகிற ஆயாம்மா பிள்ளையின் மொழியில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்து வைத்துக்கொண்டாலும் அந்தப் பிள்ளை சீக்கிரம் வாய் திறந்துவிடும் என்பது என் கட்சி.

கேட்டு வாங்கும் கலைக்கு வருவோம். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. பிள்ளையோடு விளையாட நிலாவை வா என்று அழைப்பது. பத்துப் பருவங்களில் புலவர்களுக்கே வியர்க்க வைக்கும் பருவம் இதுதான் என்பார்கள். காரணம், நிலாவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு வழிகளிலும் கூப்பிட்டாக வேண்டும். நீயும் பிள்ளையும் ஒரே மாதிரிதானே என்று இணக்கமாகச் சொல்வது, நீ எங்கே பிள்ளை எங்கே என்று வேற்றுமை காட்டுவது, வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும் என்பது, வராவிட்டால் பார் என்று மிரட்டுவது. ராஜதந்திரத்துக்கு வகுத்த நான்கு உபாயங்களைக் குழந்தை விளையாட்டில் கொண்டுவந்து வைத்தவர்கள் வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெட்டிக்கடை முன்னால் மூன்று வயசுப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள். "நீ நல்ல அத்தைதானே?" இது சாமம். "எங்கம்மா எல்லாம் வாங்கித் தரும், நீதான் தரமாட்டே." பேதம், அதுவும் குறி தவறாத பேதம். "வாங்கிக் குடுத்தா ஒரு முத்தம்." தானம். கடைசியில் தரையில் உட்கார்ந்து, காலை உதைத்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி தண்டம். கவனித்தீர்களானால் வயது ஏற ஏறத் தண்டம் பின்னுக்குப் போகும். ஒன்றரை வயதில் அழுகை ஒன்றுதான் ஆயுதம். மூன்றரையில் அது கடைசி ஆயுதம். நாலரை வயதுப் பிள்ளை மிட்டாயே கேட்காது. கடையைத் தாண்டும்போது, "அத்தை, அந்தச் சேப்பு முட்டாய் புளிக்குமா, இனிக்குமா?" என்று பொது அறிவு வளர்க்கும். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்ட "சாப்ட்டீங்களா"வுக்கு இது தங்கை.

மறுப்பதும் அப்படித்தான். வேண்டாம், இல்லை, மாட்டேன், முடியாது, கூடாது. 'நோ' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பிள்ளை ஒப்பேற்றும் இடத்தில் நம் பிள்ளை ஐந்தையும் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது. அதைவிட, எதை யாரிடம் சொன்னால் அடி விழும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். "இட்லி வேணாம்" என்றால் கொஞ்சுவார்கள். "சாப்பிட மாட்டேன்" என்றால் "யாருகிட்ட பேசற?" என்று கை ஓங்குவார்கள். இட்லி என்னவோ இரண்டிலும் தட்டிலேயேதான் கிடக்கிறது.

இதை முறையாகப் பதிவு செய்து பார்த்தவர்கள் பம்பாயில் இருந்தார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவை நடத்தியவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர். கணினிக்காரருக்குப் பிள்ளைப் பேச்சில் என்ன வேலை? பேசுவது எப்படிச் சாத்தியமாகிறது என்று தெரிந்தால்தானே இயந்திரத்தைப் பேச வைக்க முடியும்? அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தை ஒன்பது மாதத்திலிருந்து இரண்டே முக்கால் வயது வரை வீட்டாரோடு பேசியதைப் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கும் விதம் பற்றி 1988லும், மறுக்கும் விதம் பற்றி 1991லும் வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகள் குழந்தை மொழிக்கான சர்வதேச ஆய்விதழில் வந்தன. அந்தப் பதிவுகள் சைல்ட்ஸ் என்ற உலகச் சேமிப்பில் இன்றும் இருக்கின்றன. இயந்திரம் பேசுகிற காலம் வந்துவிட்ட இப்போது, நரசிம்மனை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு வருத்தம்.

டிவி, செல்போனை விட்டுவிட்டுப் போனால் கட்டுரை முழுமையாகாது என்பீர்கள். 2007ல் சுட்டி டிவி வந்து, அதில் டோரா என்ற கார்ட்டூன் சிறுமி தமிழ் பேசத் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் "எனக்குப் பசிக்கிறது, நாம் செல்லலாமா?" என்று அச்சடித்த தமிழில் பேசின. எல்லோரும் சிரித்தோம். எனக்கு உறுத்தியது அந்தத் தமிழ் இல்லை, டோரா கேள்வி கேட்கும் விதம். "உங்களுக்குப் பாலம் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருப்பாள். பிள்ளை பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, மூக்கு நோண்டிக்கொண்டிருந்தாலும் சரி, "சபாஷ்!" எதிர்வீட்டுப் பாட்டி அப்படியா விட்டார்? பாட்ரிஷியா கூல் என்பவர் குழு 2003ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் வேறு வகையில் காட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை.

வீடியோ காலில் தாத்தா பாட்டியோடு பேச வைப்பது அதைவிட எவ்வளவோ மேல், அங்கே பதில் வருகிறது. சாதா போன் கால்தான் வேடிக்கை. "சாப்ட்டியா கண்ணு?" என்று தாத்தா கேட்க, இந்தப் பக்கம் பிள்ளை பலமாகத் தலையாட்டும். தாத்தா மறுபடி கேட்பார். இன்னும் பலமாக ஆட்டும்.

கெட்ட வார்த்தை விஷயத்தில் மட்டும் நம் மேல் எனக்குக் கோபம் உண்டு. தெருவில் பொறுக்கி வந்த வார்த்தையைப் பிள்ளை மழலையில் சொன்னதும் வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. மாமா வந்ததும் "எங்க, அதச் சொல்லு" என்று மறுபடி சொல்ல வைத்துச் சிரிப்பு. பிறகு ஒருநாள் கல்யாண மண்டபத்தில் சம்பந்தி முன்னால் அதே வார்த்தை வந்ததும் பளார். பிள்ளைக்கு என்ன தெரியும்? நேற்று வரை கைதட்டல் வாங்கிய வசனம் அது. சிரிப்பை அடக்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் அடிக்கவும் கூடாது.

கேலி வேறு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்கர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு இருந்து அன்பைப் பற்றி எழுதிய புத்தகம் 1990ல் வந்தது. அதில் அன்பின் முகங்களாக அடக்கம், பழக்கம் இவற்றோடு கொடுமையையும் மயக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறார். முதலில் எனக்குத் திக்கென்றது. பிறகு எதிர்வீட்டுப் பாட்டி நினைவுக்கு வந்தார். "உங்கத்தை நேத்து வாங்கினதையே இன்னும் திருப்பித் தரல, போ, இன்னிக்கு மோர் கெடையாது" என்று அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னபோது முதலில் பிள்ளைக்குக் கண் கலங்கியது. அப்புறம் ஒருநாள் அவளே, "அப்ப நாளைக்கு உங்களுக்கு எங்க வீட்ல காப்பி கெடையாது" என்றாள். வார்த்தை ஒன்று, மனசு ஒன்று என்று பேசலாம், அது பொய்யும் ஆகாது என்பதைக் கேலியைத் தவிர வேறு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? அளவு தெரிந்து செய்ய வேண்டும். கருப்பு, குண்டு என்று உடம்பைத் தொட்டால் அது கேலி ஆகாது.

உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதும் இப்படித்தான் ஏறுகிறது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், மணல் முழுக்க இருளர் குடும்பங்கள் கூடியிருக்கும். கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் கல்யாணம், நிச்சயதார்த்தம், காதுகுத்து எல்லாம் அங்கேயே. எங்கெங்கோ பிரிந்து கிடக்கும் சொந்தங்கள் ஓரிடத்தில் சேருவதால் பிள்ளைகளுக்கு அன்று நல்ல வேலை. "இது யாரு சொல்லு?" "தாத்தா." "தாத்தா இல்லடா, மாமா. எங்க, மாமான்னு கூப்பிடு." கூப்பிட்ட மாமா தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறார். முறை என்பது அட்டவணை போட்டுக் கற்கிற விஷயமாக நமக்கு எப்போதும் இருந்ததில்லை. கூப்பிட்டால் யார் தூக்குகிறார்கள், யார் கிள்ளுகிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் அது பதிகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மெத்தனம் வேண்டாம். ஒரு வயது ஆகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, நிலாவையோ நாயையோ விரலால் சுட்டிக்காட்டுவதில்லை, ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேரவில்லை, வந்த பேச்சு நின்றுபோகிறது என்றால், "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்கப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தூரமும் இல்லை. ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டிலேயே பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005லிருந்து இயங்குகிறது. சீக்கிரம் போனால் பலன் அதிகம், கெடுவது ஒரு நாள் லீவுதான்.

மற்றபடி, ஓ.எம்.ஆர் அடுக்குமாடிகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்து ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, பிள்ளை கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, "எங்கம்மா சர்க்கரை கேட்டாங்க" என்று சொல்லி வாங்கிவர அனுப்புங்கள். ஆப்பில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் சர்க்கரை வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் கதவருகே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். உங்கள் வீட்டுத் தூதர் எந்தச் சேதியை எப்படி மாற்றிக்கொண்டு போய்ச் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.